‘ஃபாரன்ஹீட் 451’: முதல் முறை படிக்கப் போகிறவருக்கு

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். புத்தகம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட ஒரு நாட்டில், புத்தகங்களை எரிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் ஒரு நாள் ஒரு புத்தகத்தைத் திறந்து படிக்கிறான். இந்த வரியைக் கேட்டு ஆவலோடு வாங்கியவர்களில் பலர் இருபது பக்கம் தாண்டுவதில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதை இரண்டு முறை எடுத்துப் படித்தோம். முதல் முறை பாதிப் பேர் நடுவில் விட்டுவிட்டார்கள். விறுவிறுப்பான துரத்தல் கதையை எதிர்பார்த்து வந்தவர்களை, முதல் பக்கத்திலேயே உவமை மேல் உவமையாக அடுக்கிய ஆங்கிலம் மறித்துவிட்டது. இரண்டாம் முறை வேறு விதமாகத் தொடங்கினோம், எல்லாரும் முடித்தார்கள். அப்போது கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். முடிவை எங்கும் சொல்லப் போவதில்லை. நாவலின் முற்பாதியில் நடப்பவை சிலவற்றைச் சொல்லாமல் வழிகாட்ட முடியாது. அவற்றை முன்கூட்டியே அறிவதால் சுவை குறையாது.

முதல் படி: பிரதியைப் பார்த்து வாங்குங்கள்

நாவல் 1953 அக்டோபரில் அமெரிக்காவில் பாலன்டைன் வெளியீடாக வந்தது. 1967இல் அதே பதிப்பகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுபத்தைந்து இடங்களில் கை வைத்திருந்தார்கள். வசைச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று. குடிகாரன் ஒருவன் நோயாளியாக மாற்றப்பட்டான். சில ஆண்டுகள் இரண்டு பதிப்புகளும் விற்பனையில் இருந்தன. 1973 முதல் 1979 வரை கடையில் கிடைத்தது வெட்டுப்பட்ட பதிப்பு மட்டும்தான். மாணவர்கள் சிலர் எழுதிக் கேட்ட பிறகே பிராட்பரிக்கு விஷயம் தெரிந்தது. 1980இல் மூலம் முழுமையாகத் திரும்பி வந்தது. புத்தகங்களைச் சுருக்கிச் சுருக்கியே கொன்ற சமூகத்தைப் பற்றிய நாவலுக்கு இதைச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகவே பழைய புத்தகக் கடையில் எடுப்பவர்கள் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். 1967க்கும் 1979க்கும் இடையில் அச்சான பாலன்டைன் பிரதி என்றால் வைத்துவிடுங்கள். இன்று புதிதாகக் கிடைக்கும் பிரதிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு க்ரியா வெளியிட்ட வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழில் படித்தால் தாழ்வு எதுவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு பகுதி, பிறகு அதே பகுதி தமிழில் என்று படித்தவர்கள் எங்கள் வட்டத்தில் மிக நன்றாகப் படித்தார்கள்.

இரண்டாம் படி: முன்னுரையும் திரைப்படமும் பிறகு

இப்போதைய பதிப்புகளில் முன்னுரை, பின்னுரை, விமர்சகர்களின் கட்டுரைகள் என்று நிறையச் சேர்த்திருப்பார்கள். அவற்றில் பல முடிவைச் சொல்லிவிடும். தாண்டிப் போய் முதல் பாகத்தைத் தொடங்குங்கள். பிரான்சுவா த்ரூஃபோ 1966இல் எடுத்த படத்தையும், 2018இல் வந்த தொலைக்காட்சிப் படத்தையும் நாவலை முடித்த பிறகு பாருங்கள். த்ரூஃபோ படத்தில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன்: தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தில் வருவதில்லை, ஒரு குரல் வாசிக்கிறது. எழுத்தே இல்லாத உலகத்துக்குள் நம்மைக் கூட்டிப்போக அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் படி: எழுதியவரையும் காலத்தையும் சற்றே தெரிந்துகொள்ளுங்கள்

பிராட்பரி 1920இல் இலினாய் மாநிலத்தின் வாகிகன் என்ற ஊரில் பிறந்தவர். குடும்பத்தில் பணம் இல்லாததால் கல்லூரிக்குப் போகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருமுனையில் செய்தித்தாள் விற்றார்; வாரம் மூன்று நாள் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். இப்படியே பத்து ஆண்டுகள். தன்னை வளர்த்தது நூலகம்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நாவலின் முதல் வடிவத்தை எழுதியதும் ஒரு நூலகத்தின் அடித்தளத்தில்தான். வீட்டில் அமைதியாக எழுத வழியில்லை, தனி அறை வாடகைக்கு எடுக்கக் காசில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பாவெல் நூலகத்தின் கீழ்த்தளத்தில் தட்டச்சு இயந்திரங்களை வாடகைக்கு விட்டிருந்தார்கள். பத்து சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் தட்டலாம். நேரம் முடிவதற்குள் அடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தோடு சுமார் ஒன்பது நாளில் முடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். இடையிடையே மாடிக்கு ஓடி, அலமாரிகளில் கைக்குக் கிடைத்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு மறுபடி கீழே வருவாராம். அந்தக் குறுநாவல் 1951 பிப்ரவரியில் ‘கேலக்ஸி’ இதழில் வந்தது. பிறகு அதை ஏறத்தாழ இரு மடங்காக விரித்தார். படிக்கும்போது மூச்சிரைக்க ஓடுகிற மாதிரி சில பக்கங்கள் இருக்கும். அந்த ஓட்டத்துக்குக் காசு போட்ட இயந்திரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காலத்தைப் பற்றி மூன்று செய்திகள் போதும். 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் பெர்லினிலும் மற்ற பல்கலைக்கழக நகரங்களிலும் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அப்போது பிராட்பரிக்கு வயது பன்னிரண்டு. 1940களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்துகொண்டிருந்தது. எழுத்தாளர்களை விசாரணைக் குழுக்களின் முன் நிறுத்தினார்கள். மூன்றாவது செய்திதான் நாவலுக்கு மிக நெருக்கமானது. 1950இல் அமெரிக்காவில் பத்து வீட்டில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சி இல்லை. அடுத்த பத்தாண்டில் பத்தில் எட்டு வீட்டுக்கும் மேல் வந்துவிட்டது. அந்த அலை எழும்போதே, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

தலைப்பிலுள்ள எண் புத்தகத் தாள் தீப்பற்றும் வெப்பநிலை என்று நாவல் சொல்கிறது. நம் கணக்கில் சுமார் 233 டிகிரி செல்சியஸ். தாளின் தன்மையைப் பொறுத்து இது மாறும். எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நான்காம் படி: முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள்

பெரும்பாலோர் நின்றுவிடும் இடம் இதுதான். பிராட்பரி ஒரு பொருளை நேராகச் சொல்லமாட்டார். மண்ணெண்ணெய் கக்கும் குழாய் பாம்பாகும். அதைப் பிடித்த கை இசைக்குழுவை நடத்தும் கையாகும். எரியும் தாள்கள் புறாக்களாகச் சிறகடிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறந்தால் அரைப் பக்கத்தில் களைத்துப்போவீர்கள். அகராதியை மூடிவையுங்கள். தனி அறையில் உரக்கப் படியுங்கள். புரியாத சொல் வந்தால் ஓசையோடு கடந்து போங்கள். இரண்டு நாளில் காது பழகிவிடும். எங்கள் வட்டத்தில் ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் இப்படித்தான் படித்து, மற்றவர்களைவிட முதலில் முடித்தார்.

சில பெயர்களை மட்டும் முன்பே தெரிந்துகொண்டால் குழப்பம் வராது. ‘சாலமாண்டர்’ என்று அவர்கள் அழைப்பது, புத்தகங்களை எரிக்க அவர்கள் ஏறிப் போகும் வண்டியை. நெருப்பில் கருகாமல் வாழும் என்று பழைய ஐரோப்பியர்கள் நம்பிய பல்லி போன்ற பிராணியின் பெயர் அது. ‘சிப்பி’ என்பது காதுக்குள் செருகும் குட்டி வானொலி. 1953இல் எழுதியது என்பதை மறக்காதீர்கள். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பாருங்கள். வரவேற்பறையின் சுவர்களே தொலைக்காட்சித் திரைகள். அவற்றில் வருகிறவர்களை நாயகன் மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட் ‘குடும்பம்’ என்று அழைக்கிறாள். மூன்று சுவர் ஏற்கனவே திரையாகிவிட்டது. நான்காவதும் வேண்டும் என்கிறாள். அதற்கு 2,000 டாலர். மான்டாக்கின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இயந்திர வேட்டைநாய் ஒன்றும் வரும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இங்கே தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஃபயர்மேன்’ என்ற சொல்லில் நெருப்பும் மனிதனும் மட்டுமே இருக்கிறார்கள். நெருப்பை அவன் அணைக்கிறானா வைக்கிறானா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நாவலே நுழைகிறது. கிளாரிஸ் என்ற பதினேழு வயதுப் பெண் மான்டாக்கிடம், முன்பெல்லாம் உங்களைப் போன்றவர்கள் தீயை அணைத்தார்களாமே என்று கேட்கும்போது அவன் சிரிக்கிறான். அப்படி ஒன்று இருந்திருக்கவே முடியாது என்று நம்புகிறான். நாமோ ‘தீயணைப்பு வீரர்’ என்கிறோம். அணைப்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அவன் எப்படி மறந்தான் என்ற கேள்வி தமிழில் இன்னும் கூர்மையாக எழும். அணைத்தல் என்பதற்குத் தழுவுதல் என்றும் பொருள் உண்டு. தீயைத் தழுவிக் களித்த ஒருவனின் கதை இது என்பதால் அந்த இரண்டாம் பொருளும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். தமிழில் படித்தாலும் இந்த ஒரு சொல்லின் ஆங்கில வடிவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்

நாவலில் மூன்று பாகங்கள் உண்டு, அத்தியாயங்கள் கிடையாது. நிறுத்த இடமில்லாமல் ஓடும். ஐம்பதாயிரம் சொல்லுக்கு உட்பட்ட சிறிய புத்தகம்தான். ஆறு அமர்வில் முடிக்கலாம். முதல் பாகத்துக்கு மூன்று அமர்வு, இரண்டாம் பாகத்துக்கு இரண்டு, மூன்றாம் பாகத்துக்கு ஒன்று.

முதல் அமர்வை மில்ட்ரெட் தூக்க மாத்திரை விழுங்கிய இரவோடு நிறுத்துங்கள். அந்த இரவை மெதுவாகப் படியுங்கள். அவசர அழைப்புக்கு வருகிறவர்கள் மருத்துவர்கள் அல்லர். வயிற்றைக் கழுவவும் இரத்தத்தை மாற்றவும் இரண்டு இயந்திரங்களைத் தூக்கி வரும் தொழிலாளிகள். வாயில் சிகரெட்டோடு வேலையை முடித்துவிட்டு, ஒரு இரவுக்கு ஒன்பது பத்து பேரை இப்படிப் பார்க்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலையில் மில்ட்ரெடுக்கு எதுவுமே நினைவில்லை, பசிக்கிறது என்கிறாள். புத்தகம் எரியும் காட்சிகளைவிட இந்தக் காட்சிதான் என்னை அதிகம் உலுக்கியது. சாவதற்கு முயல்வதுகூட, இயந்திரத்தை அனுப்பிச் சரிசெய்யும் பழுதாகிவிட்ட ஊர் அது. அந்த ஊரில் ஏன் யாரும் புத்தகத்தைத் தேடவில்லை என்பதற்கு நாவல் பிற்பாடு நூறு காரணம் சொல்லும். இந்த இரவை நன்றாகப் படித்தவருக்கு முதல் காரணம் ஏற்கனவே தெரிந்திருக்கும்.

இரண்டாம் அமர்வு, புத்தகங்களை விட்டு வெளியேற மறுக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டோடு முடியட்டும். அவள் சொல்லும் வாசகம் ஒன்று பழைய ஆங்கிலத்தில் வரும். 1555இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமயக் கொள்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்ட ஹியூ லாட்டிமர் தன்னோடு எரிந்த தோழரிடம் சொன்னதாக வழங்கும் சொற்கள் அவை. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வாசல்படியில் நிற்பவளை மறக்க முடியாது.

ஆறாம் படி: பீட்டியின் பேச்சை இரண்டு முறை, கையில் பென்சிலோடு

மூன்றாம் அமர்வு முழுவதும் இதற்கே. எரிப்புப் படையின் தலைவர் பீட்டி, உடம்பு சரியில்லை என்று வேலைக்கு வராத மான்டாக்கின் வீட்டுக்கு வந்து படுக்கை அருகில் உட்கார்ந்து பேசுகிறார். மான்டாக்கின் தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம். மில்ட்ரெட் அந்த நேரம் பார்த்துத் தலையணையைச் சரிசெய்ய வருகிறாள். இந்தப் பதற்றத்தில் பேச்சின் பாதி நம் காதில் விழாமல் போகும். அதனால்தான் இரண்டாம் முறை.

பீட்டி சொல்வதன் சாரம் இது. தடை மேலிருந்து வரவில்லை. அரசாணையில் தொடங்கவில்லை. மக்களுக்குப் பொறுமை போயிற்று. பெரிய இலக்கியங்கள் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சிகளாகச் சுருங்கின. பிறகு இரண்டு நிமிடத்தில் படிக்கும் பத்தியாயின. கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாகின. யார் மனமும் நோகக் கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தீ வந்தது. ஆகவே, இந்த நாவலை ‘கொடுங்கோல் அரசு புத்தகங்களை எரிக்கும் கதை’ என்று மட்டும் படிக்கிறவர்கள் அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். இங்கே முதல் குற்றவாளி வாசகன். படிப்பதை அவனே விட்டான். அரசு பிறகு வந்து மிச்சத்தைப் பெருக்கித் தள்ளியது. பிற்காலத்தில் பிராட்பரியும் இது அரசுத் தணிக்கையைப் பற்றிய நாவல் அன்று, தொலைக்காட்சி வாசிப்பை அழிப்பதைப் பற்றியது என்று வலியுறுத்தினார்.

ஆனால் பீட்டியை அப்படியே நம்பாதீர்கள். பென்சில் எதற்கு என்றால், அவர் சொல்வதில் எது உண்மை, எது தந்திரம் என்று ஓரத்தில் குறித்துவைக்க. சிறு குழுக்கள் மனம் நொந்து முறையிட்டதால்தான் இலக்கியம் செத்தது என்று அவர் வாதிடுகிறார். இதைப் படித்துக் கைதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசுகிறவர் யார் என்று கேளுங்கள்: மண்ணெண்ணெய்க் குழாயைக் கையில் வைத்திருப்பவர். பிராட்பரியே 1979இல் எழுதிய பின்குறிப்பில் இந்தக் கோபத்தின் ஒரு பகுதியைத் தன் கோபமாக வெளிப்படுத்தினார் என்பதும் உண்மை. அங்கே நான் அவரோடு முழுக்க உடன்படவில்லை. நொந்தவர் முறையிடுவதும், அதிகாரமுள்ளவர் எரிப்பதும் ஒன்றல்ல.

இன்னொரு பொய்யைக் கண்டுபிடிக்கச் சிறு உதவி செய்கிறேன். படையின் விதிப் புத்தகம், ஆங்கிலேயச் சார்புள்ள நூல்களை எரிக்க 1790இல் இந்தப் படை நிறுவப்பட்டது என்றும், முதல் வீரர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்றும் சொல்கிறது. உண்மையான பிராங்க்ளின் 1731இல் பிலடெல்பியாவில் சந்தா நூலகம் ஒன்றைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1736இல் அதே ஊரில் தீயணைக்கும் தன்னார்வப் படையையும் உருவாக்கினார். 1790 அவர் இறந்த ஆண்டு. நூலகம் கட்டியவரையே நூல் எரித்தவராக எழுதிவைத்திருக்கிறார்கள்; சரிபார்க்கப் புத்தகம் எதுவும் மிச்சமில்லாததால் யாரும் கேட்கவில்லை.

ஏழாம் படி: இரண்டாம் பாகத்துக்கு முன் ஒரு கவிதை

இந்தப் பாகத்தில் மான்டாக் ஒரு கவிதையை உரக்கப் படிக்கிறான். கேட்டவர்களில் ஒருத்தி காரணம் புரியாமல் அழுகிறாள். அது மாத்யூ ஆர்னால்டு 1867இல் வெளியிட்ட ‘டோவர் பீச்’. மொத்தம் 37 வரிகள். முன்பே ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். அவள் ஏன் அழுதாள் என்பது அப்போதுதான் உங்களுக்கும் உறைக்கும்.

பாகத்தின் தலைப்பில் சல்லடையும் மணலும் வரும். ஓடும் ரயிலில் ஒரு பக்கத்தை மனத்தில் பதிக்க மான்டாக் போராடுகிறான். பற்பசை விளம்பரம் ஒலிபெருக்கியில் விடாமல் அலறுகிறது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் படிக்காதீர்கள். வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இதே பாகத்தில் ஃபேபர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் புத்தகத்தோடு மூன்று தேவைகளைச் சொல்கிறார்: வாழ்க்கையின் நுண்துளைகள் தெரியும் தரம், அதைச் செரித்துக்கொள்ள ஓய்வு, செரித்ததன்படி நடக்க உரிமை. எங்களுக்குத்தான் வேலை முடிந்து நிறைய நேரம் இருக்கிறதே என்கிறான் மான்டாக். நேரம் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறதா என்று கேட்கிறார் கிழவர். எங்கள் வட்டத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்த இடம் இது.

எட்டாம் படி: குறைகளையும் பாருங்கள்

கிளாரிஸ் மான்டாக்கை எழுப்புவதற்காக மட்டும் வந்து போகிறாள்; அவளுக்கென்று ஒரு வாழ்க்கையை நாவல் தரவில்லை. மில்ட்ரெடின் தோழிகள் வெறும் பொம்மைகள். காப்பாற்றத் தக்க புத்தகங்கள் என்று பெயர் சொல்லப்படுபவை ஏறக்குறைய எல்லாம் மேற்குலகத்து ஆண்கள் எழுதியவை. இவற்றைச் சொல்வதால் நாவலின் மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. எரியும் நூலகம் என்றதும் நம் மனம் 1981க்குப் போகும். அந்த ஆண்டு மே இறுதி நாளின் இரவில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணம் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த வலியோடு இந்த நாவலுக்குள் போவது இயல்பு. ஆனால் அங்கே நடந்தது நேர் எதிரானது. யாழ்ப்பாணத்து மக்கள் வாசிப்பைக் கைவிட்டவர்கள் அல்லர். ஊர் கூடி வளர்த்த நூலகத்தை வேறு கைகள் கொளுத்தின. பிராட்பரியின் நகரத்தில் தீ வரும் முன்பே வாசகர்கள் போய்விட்டார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் இரண்டுமே நமக்குத் தெளிவாகத் தெரியாமல் போகும்.

ஒன்பதாம் படி: மூன்றாம் பாகம் ஒரே அமர்வில்

இடையில் எழுந்திருக்காதீர்கள். இரவில் படித்தால் இன்னும் நல்லது.

முடித்த பிறகு, படத்தைப் பார்ப்பதற்கும் முன்னுரைகளைப் படிப்பதற்கும் முன்னால், ஒன்று செய்யுங்கள். இந்த நாவலிலிருந்தோ, உங்களுக்குப் பிடித்த வேறு எந்தப் புத்தகத்திலிருந்தோ ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்யுங்கள். உரைநடையாக இருக்கட்டும். பள்ளியில் குறளை ஒப்பித்த நமக்குச் செய்யுள் சுலபம். உரைநடைக்குப் பிடிமானம் கிடையாது. எனக்கு ஒரு பக்கத்துக்குப் பதினொரு நாள் ஆயிற்று. நாளுக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். காலையில் படித்ததை மாலையில் நடக்கும்போது சொல்லிப் பாருங்கள். நமக்குத் தெரியாமலே சொற்களை மாற்றிவிடுவோம், கடினமானதை விட்டுவிட்டு எளியதைப் போட்டுக்கொள்வோம். அதனால் ஒப்பிக்கும் நாளில் புத்தகம் உங்களிடம் இருக்கக் கூடாது. அதை இன்னொருவர் கையில் கொடுத்து, வரிக்கு வரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.